யாருடைய உள்ளங்கை நெல்லிக்கனி?

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது என் அக்கா மகள் ஒரு கோப்பைக் கையோடு கொண்டுவந்தாள். வேதியியலில் முதுகலை முடித்தவள். முகத்துக்கும் கைகாலுக்கும் பூசும் கிரீம்களைத் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். "சித்தி, நீங்க தமிழ் டீச்சர்தான, இந்த ஒரு வரிய எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். காப்புரிமை அலுவலகம் அவளுடைய நிறுவனத்துக்கு அனுப்பிய பரிசோதனை அறிக்கை. பென்சிலால் அவள் அடிக்கோடிட்டிருந்த ஆங்கில வரியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: இந்தக் கண்டுபிடிப்பு, இத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தெரிந்திருக்கக்கூடியது.

"உள்ளங்கை நெல்லிக்கனின்னு சொல்றாங்கம்மா" என்றேன்.

"யாரோட உள்ளங்கை, சித்தி?" என்று கேட்டாள்.

அவளுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு சில மாதங்கள் சட்டப் புத்தகங்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்தேன். படித்ததையும், படித்ததில் வந்த கோபத்தையும் இங்கே எழுதுகிறேன். அவளை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அவள் சொன்ன கதை இது. நல்லெண்ணெய் நிறையச் சேர்ந்த, ஆனால் பிசுபிசுக்காத ஒரு கிரீம் வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. கிரீம் என்பது பால்மம். பள்ளிக்கூட வேதியியலில் நீங்களும் படித்திருப்பீர்கள்: ஒன்றோடொன்று கலக்காத இரண்டு நீர்மங்களில் ஒன்று நுண்துளிகளாக மற்றொன்றுக்குள் பரவி நிற்பது. அப்படி நிற்க, ஒரு முனை எண்ணெயோடும் மறுமுனை தண்ணீரோடும் ஒட்டிக்கொள்ளும் பால்மமாக்கி இடையில் வேண்டும். எண்ணெய்ப் பகுதியையும் தண்ணீர்ப் பகுதியையும் தனித்தனியே 70, 75 டிகிரிக்குச் சூடாக்கி, ஒன்றில் மற்றொன்றை ஊற்றிக் கடைந்து ஆறவைப்பார்கள். செய்துவிடலாம், பிரியாமல் நிற்கவைப்பதுதான் பாடு. வெயிலில் நிற்கும் லாரியிலும், கடை அலமாரியிலும், ஈரமான குளியலறையிலும் அது மாதக்கணக்கில் நிற்க வேண்டும். அதற்காக 45 டிகிரி சூட்டில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். உறையவைத்து உருக்கிப் பார்ப்பார்கள். மையவிலக்கியில் சுழற்றிப் பார்ப்பார்கள். அவளுடைய கிரீம் மூன்றாவது வாரத்திலேயே எண்ணெய் கக்கியது.

பால்மமாக்கியின் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார் என்றார் துறைத்தலைவர். நாற்பது பேட்ச் பார்த்தாள். நாற்பதும் பிரிந்தன. பிறகு யாரும் சொல்லாத ஒன்றைச் செய்தாள். தண்ணீரில் எண்ணெயை ஊற்றுவதற்குப் பதிலாக, எண்ணெயில் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினாள். ஒரு கட்டத்தில் கலவை கெட்டிப்பட்டுச் சட்டென்று இளகும். அப்போது உள்ளே இருந்தது வெளியே வரும், வெளியே இருந்தது உள்ளே போகும். அந்தத் தலைகீழ் மாற்றம் நடக்கும் சூட்டையும் ஊற்றும் வேகத்தையும் பிடித்துக்கொண்டால் துளிகள் மிகப் பொடியாகின்றன, கிரீம் நிற்கிறது. "இது எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டேன். "அம்மாச்சி மோர் கடையுறப்ப வெண்ண திரளுற நேரம் பச்சத்தண்ணி தெளிப்பாங்கல்ல, அது ஞாபகம் வந்துச்சு" என்றாள்.

நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்: துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்துபோகும் ஓர் ஆலோசகர். இருவரும் ஆண்கள். அவள் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நீ செஞ்சது வழக்கமான சோதனைதானம்மா, சொன்னதச் செஞ்ச" என்றாராம் துறைத்தலைவர். பிறகு பரிசோதனை அறிக்கை வந்தது: இது வெறும் கலவை, தேர்ந்தவருக்கு வெளிப்படை. அதற்கு நிறுவனம் எழுதிய மறுப்பின் நகலும் அந்தக் கோப்பில் இருந்தது. இந்த முடிவு யாரும் எதிர்பாராதது, வழக்கமான சோதனையால் எட்ட முடியாதது என்று வாதிட்டிருந்தார்கள். அதற்குச் சான்றாக இணைத்திருந்த அட்டவணை, அவளுடைய குறிப்பேட்டிலிருந்து எடுத்த நாற்பது தோல்விகள்.

ஒரே வேலை. அவள் பெயர் கேட்டபோது அது வழக்கமான சோதனை. நிறுவனம் உரிமை கேட்டபோது அதுவே வழக்கமான சோதனைக்கு எட்டாத கண்டுபிடிப்பு. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இரண்டில் ஒன்றைத்தான் அவர்கள் சொல்ல முடியும். அவள் செய்தது எவருக்கும் தெரிந்ததுதான் என்றால், யாருக்கும் இருபது ஆண்டுத் தனியுரிமை வேண்டாம். எல்லோரும் செய்து விற்கட்டும். எவருக்கும் தெரியாதது என்றால் அதைக் கண்டவள் பெயரை எழுதுங்கள். கூலி கொடுக்கும்போது ஒரு தராசும் கொள்ளை அடிக்கும்போது ஒரு தராசும் வைத்திருக்கும் வணிகரை நம் கதைகள் எத்தனையோ முறை பழித்திருக்கின்றன. காப்புரிமை விண்ணப்பம் என்று வந்தால் மட்டும் அதை நாம் தொழில்நுட்பம் என்று சொல்லி ஒதுங்கிப்போகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒரு பொருள் புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அதில் கண்டுபிடிப்புக்குரிய ஒரு படி ஏறியிருக்க வேண்டும். பிரிவு 2(1)(ja) அந்தப் படியை வரையறுக்கிறது: இருக்கும் அறிவைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், அத்தோடு அது துறை தேர்ந்தவருக்கு வெளிப்படையாக இருக்கக் கூடாது. கிரீம்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. பிரிவு 3(e), சேர்மானங்களின் தனித்தனிக் குணங்கள் கூடி நிற்பதைத் தவிர வேறு பயன் தராத வெறும் கலவைக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ஆகவேதான் ஒவ்வொரு கிரீம் வழக்கும் 'எதிர்பாராத விளைவு' என்ற சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

எதிர்பாராதது என்றால், யார் எதிர்பாராதது? அந்தத் 'துறை தேர்ந்தவர்' யார்? சட்டம் கற்பனை செய்துகொண்ட ஆள் அவர். அவருக்கு முகம் கிடையாது என்பார்கள். ஆனால் வரலாறு உண்டு. 1851இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கதவுக் குமிழ் ஒன்றைப் பற்றிய ஹாட்ச்கிஸ் வழக்கில் அளவுகோலாக வைத்தது சாதாரண மெக்கானிக்கின் திறனை. ஆங்கிலேயச் சட்ட வழக்கில் அவர் நெடுங்காலம் 'துறை தேர்ந்த ஆண்' என்றே வழங்கப்பட்டார். நம் உச்ச நீதிமன்றம் 1978இல் விஸ்வநாத் பிரசாத் வழக்கில் இந்தக் கேள்விக்கு எழுதிய தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாத்திரங்களைக் கடைசல் எந்திரத்தில் பிடித்து நிறுத்தும் கருவி ஒன்றைப் பற்றிய வழக்கு அது. பட்டறையில் யாரும் செய்யக்கூடிய சிறு மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்றது நீதிமன்றம். சரியான தீர்ப்புதான். ஆனால் கவனியுங்கள்: சட்டத்தின் சாதாரண மனிதர் எப்போதும் ஒரு பட்டறையில் நிற்கிறார். அடுப்படியில் அவரை யாரும் கற்பனை செய்ததில்லை. அமெரிக்கச் சட்ட அறிஞர் டேன் பர்க், காப்புரிமைக்குப் பாலினம் உண்டா என்று 2011இல் ஒரு கட்டுரையே எழுதினார். இந்தியச் சட்டம் கண்டுபிடிப்பாளரை ஆண்பாலில்தான் எழுதியிருக்கிறது. ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம். 'அவர்' என்ற சொல்லை வைத்திருக்கும் ஒரு மொழியில் வேலை பார்ப்பவள் நான். அவனுக்குள் அவளும் அடக்கம் என்ற சமாதானம் எனக்குப் போதவில்லை.

அடுப்படியில் அந்த ஆளை நிறுத்திப் பாருங்கள். தேங்காய்ப்பால் ஒரு பால்மம். அதிலுள்ள புரதங்கள் எண்ணெய்த் துளிகளைத் தாங்குகின்றன. கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், ஆகவே கடைசியில் ஊற்றி உடனே இறக்குகிறோம். பாலேட்டில் தண்ணீருக்குள் கொழுப்பு நிற்கிறது; வெண்ணெயில் கொழுப்புக்குள் தண்ணீர் நிற்கிறது. கடைவது என்பது ஒன்றை மற்றொன்றாகத் தலைகீழாக்குவது. அந்த மாற்றம் எந்தச் சூட்டில் நடக்கும், எந்தச் சூட்டில் வெண்ணெய் உருகிப்போகும் என்று வெப்பமானி இல்லாமல் விரலால் அறிந்தவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் தேய்ப்பதும் இதே வேலைதான். சீயக்காயில் உள்ள சபோனின் எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்துத் தண்ணீரோடு போகச் செய்கிறது. இவர்கள் எல்லாம் துறை தேர்ந்தவர்கள் இல்லையா? துறைக்குப் பெயர் வைக்கவில்லை என்பது அவர்கள் குற்றமா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'பாட்டி வைத்தியம்' என்று அச்சடித்த பெட்டிகளில் நம் பாட்டிகளை விற்கும் சந்தையோடு சேர்ந்து கும்மியடிக்க எனக்கு விருப்பமில்லை. என் அம்மாச்சி தேன்மெழுகும் நல்லெண்ணெயும் பன்னீரும் சேர்த்துப் பாதவெடிப்புக்கு ஒரு களிம்பு கிண்டுவாள். ஏறக்குறைய இதே கூட்டை இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் காலன் பெயரில் மருந்தியல் வரலாறு சொல்லும். அவர் சேர்த்தது ஆலிவ் எண்ணெய். அம்மாச்சியின் களிம்பு பத்து நாளில் சிக்குவாடை அடிக்கும், மழைக்காலத்தில் பூசணம் பூக்கும். அதைச் சரிசெய்யத்தான் ஆய்வகமும் அக்கா மகளும் வேண்டும். அது உண்மையான உழைப்பு. அதற்கு மதிப்பு உண்டு. இன்னொன்று, அம்மாச்சிக்குச் சீயக்காய் வந்தது மலையிலிருந்து. சத்தியமங்கலம் காடுகளில் அதைப் பொறுக்கிச் சுமந்து வரும் பழங்குடிப் பெண்களின் பெயரை அம்மாச்சியும் கேட்டதில்லை. அறிவைச் சொந்தம் கொண்டாடுவதில் நம் வீட்டுத் திண்ணைக்கும் பங்கு உண்டு. ஆகவே 'நம் பாரம்பரியம்' என்ற ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் அடக்கிவிட வேண்டாம்.

இப்படி எழுதப்படாமல் கைமாறி வரும் அறிவு காப்புரிமை வழக்குகளில் என்ன ஆகிறது? அமெரிக்கச் சட்டம் 2013 மார்ச் வரை ஒரு வேலி வைத்திருந்தது. அமெரிக்காவுக்குள் ஒருவர் பயன்படுத்தினாலே அது முன்னறிவு. அமெரிக்காவுக்கு வெளியே என்றால் அது அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். புண்ணில் மஞ்சள் வைப்பதற்கு 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. 1997இல் அது ரத்தானது. அதற்கு இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் 32 எழுத்துச் சான்றுகளைத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை. கோடிக்கணக்கான பெண்களின் கை சான்று ஆகவில்லை. ஒரு பத்திரிகைப் பக்கம் சான்று ஆனது.

வேம்பு வழக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அது ஒரு பால்மத்தைப் பற்றியது. டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் ஐரோப்பாவில் பெற்ற அந்தக் காப்புரிமை கேட்ட உரிமை, பயிரில் பூஞ்சணத்தை அடக்க 0.1 முதல் 10 சதவீதம் வேப்பெண்ணெய், 0.005 முதல் 5 சதவீதம் பால்மமாக்கி, மீதி தண்ணீர். எண்ணெயையும் தண்ணீரையும் சோப்பு போன்ற ஒன்றால் சேர்த்துத் தெளிப்பது. 1995இல் அதை எதிர்த்து மனுப் போட்டது மூன்று பெண்கள்: இந்தியாவின் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் குழுவிலிருந்து மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பிலிருந்து லிண்டா புல்லார்ட். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பத்து ஆண்டுகள். ம்யூனிக்கில் எடுபட்ட சாட்சியங்களுள் முக்கியமானது, 1980களில் வேப்பெண்ணெயை வயலில் சோதித்துப் பார்த்த ஓர் இந்திய நிறுவன உரிமையாளருடையது. அந்தச் சாட்சியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தானியக் குதிரில் வேப்பிலை போட்டு வைத்த பெண்ணின் கை சாட்சிக் கூண்டு வரை போக முடியவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெண்ணின் கை எப்போதுமே சான்று ஆகாதா என்றால், ஆகும். அவளுக்கு எதிராக ஆகும். 1881இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரித்த எக்பர்ட் வழக்கு, பெண்கள் உள்ளே அணியும் இடைக்கச்சின் உலோகப் பட்டைகளைப் பற்றியது. பார்ன்ஸ் என்பவர் 1855இல் ஒரு ஜோடி செய்து தன் தோழிக்குக் கொடுத்தார். பின்னாளில் அவரை மணந்தார். 1866இல்தான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் இறந்தபின் அந்த உரிமைக்காக வழக்காடியவர் அந்தப் பெண்தான். நீ அதை அணிந்து நடந்தாயே, அது பொதுப் பயன்பாடு என்று சொல்லிக் காப்புரிமையை நீதிமன்றம் செல்லாததாக்கியது. உடைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பெண் அணிந்தது பொதுப் பயன்பாடாம். மில்லர் என்ற ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். தன் உடம்பில் அணிந்தால் பொது. நாட்டின் அத்தனை அடுப்படிகளிலும் கடைந்தால் பொது இல்லை. இதை எந்தத் தருக்கத்தில் சேர்ப்பது?

அடுத்து நீதிமன்றங்கள் 'புறச்சான்று' என்று அழைப்பவற்றைப் பார்க்கலாம். ஒரு பொருள் வெளிப்படையானதா என்று முடிவெடுக்கத் திணறும்போது, வெளி உலகில் நடந்ததைப் பார் என்று 1966இல் கிரஹாம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழி சொன்னது. நன்றாக விற்றதா, நெடுநாள் தேவையைத் தீர்த்ததா, மற்றவர்கள் முயன்று தோற்றார்களா? நம் சட்டமும் பொருளாதார முக்கியத்துவத்தைக் கண்டுபிடிப்புப் படியின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஒரு குழாயடி எந்திரத்துக்கு இந்தக் கேள்விகள் பொருந்தலாம். முகக் கிரீமுக்கு இவற்றைப் போட்டுப் பாருங்கள். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்காது என்று விளம்பரங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லின. 2020இல்தான் அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. இப்படிப்பட்ட சந்தையில் 'நெடுநாள் தேவை' என்பது யாருடைய தேவை? அந்தத் தேவையை உண்டாக்கியது யார்? நம் வெட்கத்தை விதைத்து அறுத்த காசைக் கொண்டுபோய், பார், எவ்வளவு விற்றிருக்கிறது, ஆகவே இது அறிவின் பாய்ச்சல் என்று சொல்ல இடம் தரும் அளவுகோல் அது. விற்பனைக்கும் கண்டுபிடிப்புக்கும் நேரடித் தொடர்பு காட்ட வேண்டும் என்று நீதிமன்றங்கள் கேட்பதுண்டு. எந்தச் சதவீதம் பால்மமாக்கியால் விற்றது, எந்தச் சதவீதம் அவமானத்தால் விற்றது என்று பிரித்துக் காட்டச் சொன்ன தீர்ப்பு எதுவும் நான் படித்தவற்றில் இல்லை.

நீதிமன்றங்கள் எப்போதும் ஏமாறுவதும் இல்லை. பருவுக்குப் பூசும் அடபலீன் என்ற ஜெல்லை உங்களில் பலர் பூசியிருப்பீர்கள். 0.1 சதவீதம் ஏற்கெனவே இருக்க, 0.3 சதவீதத்துக்குத் தனிக் காப்புரிமை கேட்டது கால்டெர்மா. 0.01 முதல் 1 சதவீதம் வரை என்று முன்பே எழுதப்பட்டிருக்கிறது, அதற்குள் ஓர் எண்ணைப் பிடித்தது வெளிப்படையானது என்று 2013இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. பழைய காப்புரிமைகள் மற்றவர்களை உள்ளே விடாமல் தடுத்திருக்கும்போது விற்பனையைச் சான்றாகக் காட்டுவதில் பெரிய பொருள் இல்லை என்றும் சொன்னது. 2007இல் கே.எஸ்.ஆர். வழக்கில் உச்ச நீதிமன்றமும் துறை தேர்ந்தவர் வெறும் எந்திரமல்ல, அவருக்கும் சாதாரணப் படைப்பாற்றல் உண்டு என்று சொல்லியிருக்கிறது. இந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது. சாதாரணக் கையிலும் படைப்பாற்றல் உண்டு என்றால், சம்பளத்துக்குச் சோதனை செய்யும் பெண்ணின் கையிலும் உண்டு. காப்புரிமையைத் தள்ளுவதற்கு மட்டும் அதை நினைத்துவிட்டு, பெயர் எழுதும்போது மறந்துவிட முடியாது.

நகலெடுத்ததும் ஒரு புறச்சான்று. முடி வெளுக்கும்போது முடியைக் காக்கும் ஒரு கூட்டைப் பற்றி ஓலப்ளெக்ஸ் தரப்புக்கும் லோரியாலுக்கும் நடந்த வழக்கில், 2019 அக்டோபரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விதியைச் சொன்னது: வெளிவராத தகவலை ஒருவர் பார்க்க முடிந்திருந்தால், நகலெடுத்தல் பற்றிய அந்தச் சான்றையும் எடைபோட வேண்டும். யாராவது எடுத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதே அதில் ஏதோ இருந்தது என்பதற்கு அடையாளம் என்பது இதன் பின்னால் உள்ள எண்ணம். நிறுவனத்திடமிருந்து நிறுவனம் எடுத்தால் அது எடுக்கப்பட்ட பொருளின் அறிவுக்குச் சான்று. ஆய்வகப் பெண்ணின் குறிப்பேட்டிலிருந்து நிறுவனம் எடுத்தால்? அவள் அறிவுக்கு அது சான்று ஆகாதா?

எனக்குச் சொல்லப்படும் எதிர்வாதங்கள் தெரியும். முதலாவது, சம்பளம் கொடுக்கிறார்களே. கொடுக்கிறார்கள், அதனால்தான் உரிமை நிறுவனத்துக்குப் போகிறது. நான் இங்கே கேட்பது பெயர். சட்டம் 'உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர்' என்று கேட்கும் இடத்தில் சம்பளம் கொடுத்தவர் பெயரை எழுத முடியாது. இரண்டாவது, சொன்னதைச் செய்பவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். சரியான விதி. அவள் சொன்னதைச் செய்த நாற்பது முறையும் கிரீம் பிரிந்தது. சொல்லாததைச் செய்தபோதுதான் நின்றது. மூன்றாவது, பெண்களுக்கும் காப்புரிமை வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை தீருமா? தீராது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் அண்மைக் கணக்குகளில், பன்னாட்டு விண்ணப்பங்களில் பெயர் உள்ள கண்டுபிடிப்பாளர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அந்த எண் பாதியாக உயர்ந்தாலும், எல்லோருக்கும் தெரிந்ததை வேலி போட்டு விற்கும் வேலை நின்றுவிடாது. ஆகவே எனக்கு இரண்டும் வேண்டும். தெரிந்ததற்கு வேலி போட விடக் கூடாது. தெரியாததைக் கண்டவளின் பெயரை அழிக்க விடக் கூடாது. இரண்டும் ஒரே கேள்வியிலிருந்து பிறப்பவை: இது யாருக்குத் தெரிந்திருந்தது?

மாணவிகளே, நம் சட்டத்தில் இதற்கான கதவுகள் இருக்கின்றன. குறுகலானவைதான், ஆனால் இருக்கின்றன. பிரிவு 25(1), காப்புரிமை வழங்கப்படும் முன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது. எவரும். அதற்கான காரணங்களில் ஒன்று, உள்ளூர்ச் சமூகங்களிடம் வாய்மொழியாகவோ வேறு வகையிலோ இருக்கும் அறிவு. அமெரிக்கா 2013 வரை மதிக்காததை நம் சட்டம் எழுத்தில் மதிக்கிறது. பிரிவு 3(p), பாரம்பரிய அறிவுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. 2024இல் விதிகளைத் திருத்தி, எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணமும் ஏற்கத்தக்கதா என்ற முன்பரிசீலனையும் வைத்திருக்கிறார்கள். கதவு இன்னும் குறுகியிருக்கிறது. மூடும் முன் பயன்படுத்திப் பழக வேண்டும். தமிழ் படிக்கும் மாணவிகள் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டும்போது குழம்பும் நலங்கு மாவும் கிண்டும் முறைகளையும் சொன்னவர் பெயர், ஊர், நாள் போட்டு எழுதி வெளியிடுங்கள். எழுத்துதான் சான்று என்று உலகம் சொன்னால், எழுத்து நம்மிடம் இருக்கிறது.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிய ஒன்று: குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நாளும் கையெழுத்தும் போடுங்கள். எதை நீங்களாகச் செய்தீர்கள் என்பதை உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

பிரிவு 28 என்று ஒன்று இருக்கிறது. கண்டுபிடிப்பின் முக்கியமான பகுதி என்னுடையது, என் பெயரைக் குறிப்பிடுங்கள் என்று காப்புரிமை அதிகாரியிடம் கேட்க வழி செய்வது. படிவம் 8. காப்புரிமை வழங்கப்படும் முன் கேட்டுவிட வேண்டும். பெயர் வந்தாலும் அதனால் காப்புரிமையில் எந்த உரிமையும் கிடைக்காது என்று சட்டமே தெளிவாகச் சொல்கிறது. ஒரு ரூபாய்கூட நிறுவனத்துக்கு இழப்பில்லை. காசு போகாத இடத்திலும் பெயரைத் தர மனமில்லை என்றால், அவர்கள் காப்பது எதை?

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். என் அக்கா மகளுக்குத் தாழி உடையவில்லை. வெண்ணெய் நன்றாகவே திரண்டது. வழித்துக்கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். பொங்கல் முடிந்து கிளம்பும்போது படிவம் 8ஐ அச்செடுத்துக் கொடுத்தேன். சமையலறை மேடையில் வைத்தே எழுதினாள். பெயர், முகவரி, எந்தப் பகுதி தன்னுடையது என்ற விவரம் எல்லாம் எழுதிவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை. "வேலை போயிருச்சுன்னா வீட்டுக்கடன் யாரு சித்தி கட்டுறது?" என்றாள். போடு என்று நான் சொல்லவில்லை. கட்டப்போவது நான் இல்லை. இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை. படிவம் அவள் கைப்பையில் இருக்கிறது.